வாசலில் வைத்த மண்

மாசிப் பனி வாழை இலைகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அமிர்தம் குழி ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஈரமண்ணை அள்ளினாள். கல்லையும் வேரையும் பொறுக்கி எறிந்துவிட்டு, எலுமிச்சம்பழம் அளவுக்கு உருண்டை பிடித்து முறத்தில் வரிசையாக வைத்தாள். கொள்ளிடக்கரை வண்டல் மண். பிடித்தால் பிடித்தபடி நிற்கும்.

வீரமலை வரப்பில் நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

"எத்தன ஆச்சு?"

"பதினேழு."

"போதும்ல?"

"மண்டிக்கார பாய்க்கு ஒண்ணு வேணாமா? அவரு டவுன்லேருந்து வந்து ஏலம் கேட்டா ஊர்க்காரனால அவரு வாயக் கட்டவா முடியும்?" என்று சொல்லிக்கொண்டே பதினெட்டாவதைப் பிடித்தாள்.

ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, கொள்ளிடத்தின் தென்கரையில் நாணக்காடு. நாற்பது வீடுகள். அதில் ஏலம் கேட்கும் அளவுக்குக் கையில் காசு புரளும் வீடுகள் பதினேழுதான். யார் நிலமாவது ஏலத்துக்கு வந்தால் அந்த வீட்டுப் பெண் நிலத்து மண்ணை உருண்டை பிடித்து, இப்படிப்பட்ட வீடுகளின் வாசலில் கொண்டுபோய் வைப்பாள். அந்தந்த வீட்டுப் பெண் அதை எடுத்து அடுப்படி மூலையில் வைத்துவிட்டால், அவள் புருஷன் ஏலத்தில் வாய் திறக்கமாட்டான். எழுதிவைத்த சட்டமில்லை. ஆனால் மீறியவனும் இல்லை.

வீரமலையின் நிலம் ஒரு ஏக்கர் இருபது சென்ட். பூவன் வாழை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் சர்க்காரில் கடன் வாங்கிக் கிணறு வெட்டினார். அறுபத்தொன்றில் வந்த வெள்ளத்தில் கொள்ளிடம் கரை தாண்டிக் கிணற்றை மணலால் நிரப்பிவிட்டுப் போனது. வாழையும் போனது. மறுவருஷம் வைத்தது ஆடிக்காற்றில் சாய்ந்தது. கடன் தவணையும் நின்றது, நிலவரிக் கிஸ்தியும் நின்றது. லால்குடியில் கட்டிக்கொடுத்த ஒரே மகளுக்குப் போட்டதுபோக வீட்டில் பொட்டுத் தங்கம் இல்லை. முதலில் நோட்டீஸ் வந்தது, பிறகு ஜப்தி வந்தது. போன வாரம் காத்தான் தமுக்கோடு வந்தார்.

ஊர்த் தலையாரி காத்தான் நாலு தெருவிலும் பலமாக அடித்துக்கொண்டு வந்தவர், வீரமலை வீட்டு முன்னால் மட்டும் விரல் நுனியால் தட்டினார்.

வீரமலை உள்ளேயிருந்தே கேட்டார். "என்னா காத்தா, கையில வலு இல்லையா? நல்லாத்தான் அடியேன்."

"அட சும்மா இருங்க. உங்க வீட்டு வாசல்ல என்னாத்த அடிக்கிறது? நெல நம்பரு மறந்துபோச்சுன்னு சொல்லிக்கிறேன்."

"என் நம்பரு உனக்கு மறக்கும். தாசில்தாருக்கு மறக்குமா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அமிர்தம் சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் மண் வைப்பது என்று முடிவு செய்தாள்.

முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் முதலில் போனது அழகிரி வீட்டுக்கு. அழகிரி வீரமலைக்குச் சித்தப்பா மகன். வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்த அவன் பெண்டாட்டி சந்திரம்மாள் முறத்தைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தாள்.

"என்னக்கா இது? நமக்குள்ள போயி இதெல்லாமா?"

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. எடுத்து உள்ள வையி."

"உங்க கொழுந்தனாரு கேப்பாரா? கேட்டா நாக்கு அழுவிப் போவாதா?"

அழகிரி வேப்பங்குச்சியை வாயில் வைத்தபடியே வெளியே வந்தான். "அண்ணி, நான் மட்டும் இல்ல, இந்த ஊர்ல எவனும் கேக்கமாட்டான். எவனாவது வாயத் தொறந்தான்னு வச்சுக்குங்க, இதே மண்ண எடுத்து அவன் வாயில திணிப்பேன்."

சந்திரம்மாள் உருண்டையை இரண்டு கையாலும் எடுத்து உள்ளே கொண்டுபோனாள். அமிர்தம் எட்டிப் பார்த்தாள். அடுப்படி மூலையில் வைத்து, அதன்மேல் ஒரு பொட்டுக் குங்குமமும் வைத்துக்கொண்டிருந்தாள் சந்திரம்மாள்.

வரிசையாகப் போனாள். யாரும் மறுக்கவில்லை. பொன்னுத்தாய் மட்டும் உருண்டையை எடுத்துக்கொண்டே திட்டினாள். அவள் புருஷன் இல்லாதவள். மகன் மூங்கில் வியாபாரத்தில் நாலு காசு பார்த்திருந்தான்.

"உம் புருசன் வாயத் தொறந்து நாலு பேருகிட்ட பேசியிருந்தா நீ ஏண்டி இப்படி முறத்தத் தூக்கிட்டு அலையிற? ஆம்பளைக்கு வாய் எதுக்கு இருக்கு, பீடிக்கா?"

"அவரு அப்படித்தான், தெரிஞ்சதுதானே."

"தெரியும் தெரியும். ஒக்காரு. கம்பங்கூழு கரைச்சிருக்கேன். வெங்காயம் கடிச்சுக்கிட்டு ஒரு வாய் குடிச்சுட்டுப் போ. கண்ணு ரெண்டும் உள்ள போயிடுச்சு உனக்கு."

அமிர்தம் குடித்தாள். முதல்நாள் மத்தியானத்துக்குப் பிறகு அதுதான் அவள் வயிற்றில் விழுந்தது.

மறுநாள் இரண்டு பேரும் ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறி டவுனுக்குப் போனார்கள். காவிரிப் பாலத்தில் வண்டி போகும்போது அமிர்தம் மடியில் இருந்த பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். குலுக்கலில் உடைந்துவிடக் கூடாது.

காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால் நஜிமுதீன் பாயின் வாழைக்காய் மண்டி. பதினைந்து வருஷமாக வீரமலையின் தார்கள் அங்கேதான் இறங்கின. பழுக்கவைக்கும் அறையிலிருந்து புகை கசிந்துகொண்டிருந்தது. பாய் மேஜைக்குப் பின்னாலிருந்து எழுந்தார்.

"வாங்கம்மா. வா வீரமலை, உக்காரு. சேதி கேள்விப்பட்டேன். டீ சொல்றேன், குடிங்க மொதல்ல."

டீ வந்தது. அமிர்தம் தொடவில்லை. பாய் தாடியைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. ஏலத்துக்கு நான் வரேன். அந்த நெலம் நாலாயிரத்துக்குக் கொறையாது. சர்க்காரு அதுல தன் பாக்கிய எடுத்துக்கிட்டு மிச்சத்த வீரமலை கையில கொடுத்துடும். பாக்கி என்னா, நானூத்தி சில்லறைதானே? பட்டா எம்பேருல இருக்கட்டும். வெள்ளாம நீங்களே பண்ணுங்க. எப்ப முடியுதோ அப்ப எழுதி வாங்கிக்குங்க. அல்லா மேல ஆணையா, மூணாவது ஆளுக்கு விக்கமாட்டேன்."

வீரமலை பெண்டாட்டி முகத்தைப் பார்த்தார். அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க மனசு நல்ல மனசு பாய். ஆனா பட்டா கைமாறிட்டா அப்புறம் அது எங்க மண்ணு இல்ல. கேக்க ஆள் இல்லைன்னா ஏலம் நின்னுபோயிடும். அடுத்த வெள்ளாமையில பாக்கியக் கட்டிப்புடுவோம்." பொட்டலத்தைப் பிரித்து உருண்டையை மேஜைமேல் வைத்தாள்.

பாய் அதைக் கையில் எடுத்தார். பிறகு பழைய பேப்பரில் சுற்றி மேஜை டிராயரில் வைத்து மூடினார்.

"சரிம்மா. நீங்க வச்சிட்டீங்க. நான் வரமாட்டேன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் வீரமலை மெதுவாக ஆரம்பித்தார். "பாய் என்னமோ மிச்சம் வரும்னாரே..."

"உங்களுக்கு மிச்சம் வேணுமா, நெலம் வேணுமா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஏலம் நின்றுபோகும் என்பதை அவள் சும்மா சொல்லவில்லை. அவள் கல்யாணமாகி வந்த புதிதில் அம்மாசி என்பவரின் நிலம் ஏலத்துக்கு வந்தது. அப்போதும் மண் வைத்தார்கள். ஒருவரும் கேட்கவில்லை. ஏலம் விட வந்தவர் ஒரு மணிநேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, இளநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த தையில் அம்மாசி பாக்கியைக் கட்டினார். நிலத்தில் இன்றைக்கும் அவர் மகன்தான் உழுகிறான். இது அவள் கண்ணால் பார்த்தது.

ஏலத்துக்கு இரண்டு நாள் முந்தி, ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் ஐயங்கார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"வீரமலை, ஊரெல்லாம் மண் வச்சிருக்கேளாமே? அதெல்லாம் வேண்டாம்டா. யாராவது ஒருத்தனைக் கேக்கச் சொல்லு. ஒருத்தருமே கேக்கலேன்னா நஷ்டம் நோக்குத்தான்."

"எப்படிங்க சாமி?"

"எப்படின்னா... சட்டம் அப்படி. கேக்கச் சொல்லு, அவ்வளவுதான் சொல்வேன்."

அவர் போனதும் அமிர்தம் விளக்குமாறை எடுத்துக்கொண்டாள். "பாத்தீங்களா? அவரு மச்சினரு ஸ்ரீரங்கம் மேலச்சித்திரை வீதியில பணத்தோட உக்காந்திருக்காராம். நேத்தே பொன்னுத்தாயி சொன்னா. ஆள கொண்டாந்து விடப்போறாரு, அதுக்குத்தான் இந்தப் பேச்சு."

"அவரு நல்லதுக்குச் சொன்னாப்புலயும் இருக்கு."

"உங்களுக்கு எல்லாரும் நல்லவங்கதான். உள்ள வராதீங்க, கால்ல பாருங்க, ஒரு மரக்கா மண்ணு."

வீரமலை தோட்டத்திலிருந்து வந்தால் கால் கழுவாமல்தான் உள்ளே வருவார். இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லி ஓய்ந்துபோனாள். அவர் கொண்டுவரும் மண்ணையெல்லாம் பெருக்கிக் கொல்லை முருங்கை அடியில் குவித்து வைப்பாள். பொங்கலுக்கு முன்னால் அதைக் கூடையில் அள்ளிக்கொண்டுபோய்த் தோட்டத்திலேயே கொட்டிவிட்டு வருவாள். நம் மண் வீணாகக் கூடாது என்பது அவள் கணக்கு.

ஏலம் சாவடி வேப்பமரத்தடியில் நடந்தது. டெபுடி தாசில்தார் ஸ்ரீரங்கத்திலிருந்து குதிரை வண்டியில் வந்து இறங்கினார். நாணக்காட்டு ஆண்கள் அத்தனை பேரும் கூடியிருந்தார்கள். பெண்கள் தள்ளிக் குழாயடியில் குடங்களோடு நின்றார்கள். குடம் நிரம்பி வழிந்தும் யாரும் எடுக்கவில்லை.

டெபுடி தாசில்தார் சர்வே நம்பரைப் படித்தார். நான்கு எல்லையைப் படித்தார். "கேக்குறவங்க கேக்கலாம்" என்றார்.

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். டீக்கடை நல்லுசாமிக்கு இருமல் வந்துவிட்டது. அழகிரி அவரை முறைத்தான். நல்லுசாமி துண்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர நின்றார்.

"என்னய்யா இது, ஊரே கூடியிருக்கீங்க. ஒருத்தருக்குக்கூட வாய் இல்லையா?"

"எங்க ஊர்ல இன்னிக்கு மௌன விரதம்ங்க" என்றான் அழகிரி. சிரிப்பு பொங்கியது. டெபுடி தாசில்தாரும் சிரித்துவிட்டார். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று சொல்லி முடித்தார். பிறகு பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"சரி, நீங்க கேக்கலைன்னா சர்க்காரு கேக்குது. ஒரு ரூபா."

அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. ஒரு ரூபாயாம்! ஒரு தார் பூவன்கூட வாங்கமுடியாது. அவர் குனிந்து எழுதினார். ஏலம் நடந்ததற்குச் சாட்சியாக மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கினார். வீரமலையிடமும் ஒரு காகிதத்தை நீட்டினார். வீரமலை எழுத்துக்கூட்டிப் பேரெழுதினார். கர்ணம் ஐயங்கார் மட்டும் சிரிக்கவில்லை. அவர் வீரமலையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் சுற்றி அத்தனை பேர் நிற்கும்போது அவரால் எதுவும் சொல்ல முடியவில்லை. சொன்னதை ஒருதரம் கேட்காதவர்களிடம் இன்னொரு தரம் சொல்லவும் அவருக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது.

வண்டி போனதும் அழகிரி வீரமலையைத் தோளோடு கட்டிக்கொண்டான். "போயிட்டான்யா! ஒத்த ரூபாய எழுதிக்கிட்டுப் போயிட்டான்!"

அன்று சாயங்காலம் அமிர்தம் வீட்டில் கூட்டம். வீரமலை கொள்ளிடத்தில் கெண்டை பிடித்துவந்திருந்தார். பொன்னுத்தாய் புளி கரைத்தாள். சந்திரம்மாள் தேங்காய் அரைத்தாள். குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போதே அமிர்தம் கொல்லைக்குப் போய் முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்த அழுகை.

"இப்ப என்னத்துக்குடி அழுவுற?" என்று பொன்னுத்தாய் வந்து அவள் முதுகில் அடித்தாள். "அழுவுறவளுக்குக் கொழம்பு கெடையாது, சொல்லிப்புட்டேன்."

மறுவாரம் வீரமலை வீட்டிலிருந்த ஒரே பசுவை விற்றார். மணப்பாறைச் சந்தையில் முன்னூற்றைம்பது வந்தது. நஜிமுதீன் பாயும் வரப்போகிற தாருக்கு நூறு ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தார். பணத்தை அமிர்தம் அரிசிப் பானைக்குள் வைத்தாள்.

"கர்ணத்துக்கிட்டப் போயி பாக்கிய கட்டிப்புடலாமா?" என்றார் வீரமலை.

அமிர்தம் யோசித்தாள். "அவனே ஒத்த ரூபான்னு எழுதிட்டுப் போயிட்டான். இப்ப போயி நாமளே ஏன் எழுப்பணும்? தண்ணி இல்லாம வெள்ளாம எப்படி வரும்? மொதல்ல கெணத்தத் தூரெடுப்போம். தையில மொத்தமா கட்டுவோம், அம்மாசி மாமா கட்டினாப்புல."

பங்குனி வெயிலில் கிணற்று வேலை தொடங்கியது. இரண்டு கூலி ஆள், வீரமலை, அமிர்தம். அழகிரியும் ஓய்ந்த நேரத்தில் வந்து கூடை இழுத்தான். வெள்ளம் கொண்டுவந்து போட்ட மணல் மேலே வெள்ளையாக, உதிரியாக இருந்தது. ஆறடிக்குக் கீழே சேறு கலந்து கெட்டித்துப்போயிருந்தது. வீரமலை இறங்கி வெட்டுவார். கூடையில் அள்ளிவிட்டால் மேலேயிருந்து கயிற்றை இழுப்பார்கள். அமிர்தம் தலையில் வாங்கிக் கரையோரம் கொண்டுபோய்க் கொட்டுவாள். ஒரு நாளைக்கு நூற்றைம்பது கூடை. ஆள் குறைந்த நேரம் கயிறும் இழுத்து அவள் உள்ளங்கை தோல் உரிந்தது. மஞ்சளும் விளக்கெண்ணெயும் வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் இழுத்தாள். மத்தியானம் பழைய சோறு, வாழைத்தண்டுப் பச்சடி. வாழை நிழலில் சாப்பிடும்போது வீரமலை கிணற்றைப் பற்றியே பேசுவார். அவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

"ஊத்து மேக்கால இருக்கு. எனக்குத் தெரியும். நான் வெட்டின கெணறுல்ல."

"வரட்டும். வந்தப்புறம் பேசுங்க."

முப்பத்திரண்டாவது நாள் ஊற்று கண் திறந்தது. மேற்குப் பக்கம்தான். வீரமலை கலங்கிய தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளித் தலையில் விட்டுக்கொண்டு கிணற்றுக்குள்ளிருந்து கத்தினார். பானையிலிருந்த பணம் முழுவதும் செலவாகியிருந்தது.

மூன்று நாள் கழித்துக் கர்ணம் வந்தார். பின்னால் காத்தான் ஒரு எல்லைக்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தார். தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த வீரமலை மம்பட்டியோடு நிமிர்ந்தார்.

"வீரமலை, மடையைக் கட்டுடா. நேக்கு மேலேருந்து உத்தரவு வந்திருக்கு. இது இப்ப சர்க்கார் நிலம். ஏலத்துல சர்க்கார் எடுத்தது. முப்பது நாள் டயம் இருந்தது, அதுக்குள்ள பாக்கியைக் கட்டியிருந்தா ஏலத்தை ரத்து பண்ணியிருப்பா. தாண்டிடுத்து. இனிமே நீ இதுல தாரும் வெட்டப்படாது, எலையும் வெட்டப்படாது."

"ஒத்த ரூபாதானேங்க சாமி சொன்னாரு?"

"அந்த ஒத்த ரூபாய்க்குத்தான் எடுத்திருக்கு."

வீரமலை மம்பட்டியைக் கீழே போட்டார். பிறகு இடுப்பு முடிச்சை அவிழ்த்தார். ஒரு ரூபாய் நாணயம் ஒன்று இருந்தது. ஈரக் கையோடு அதை நீட்டினார்.

"அப்ப சர்க்கார் ரூபாய நான் திருப்பிக் கொடுத்துடறேன் சாமி. எழுதிக்குங்க."

கர்ணம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காத்தான் கல்லைக் கீழே வைத்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

அமிர்தம் ஓடிவந்தாள். "அம்மாசி மாமா நெலத்துக்கு இப்படியா ஆச்சு? சொல்லுங்க சாமி! இதே ஊர்தானே, இதே மண்ணுதானே!"

"அம்மாசியோடது மடத்து நிலம்மா. அது குத்தகை ஏலம். கேக்க ஆள் இல்லேன்னா மடத்துக்காரா பேசாமப் போயிடுவா. இது சர்க்கார் பட்டா. ரெண்டும் வேற. நான் வந்து சொன்னேனோல்லியோ, யாரையாவது கேக்கச் சொல்லுன்னு?"

அன்று அவர் சொல்லிவிட்டுப் போனதும் தான் விளக்குமாறை எடுத்துக்கொண்டது அவளுக்கு நினைவுக்கு வந்தது.

தாலுக்கா ஆபீசுக்கு ஆறு தரம் போனார்கள். மரத்தடியில் உட்கார்ந்திருந்த ஆளிடம் இரண்டு ரூபாய் கொடுத்து மனு எழுதினார்கள். ஆறாவது தரம் போனபோது ஒரு குமாஸ்தா மனு தள்ளுபடி என்று சொல்லிவிட்டு, அவர்கள் போகாமல் நிற்பதைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்மா, நல்ல வாழைத் தோட்டம்னு போட்டிருக்கு. இதை ஏன் ஒருத்தரும் ஏலம் கேக்கல?"

"நாங்கதாங்க கேக்கவேணாம்னு சொன்னோம்" என்றார் வீரமலை.

குமாஸ்தா இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். காகிதக் கட்டை மூடி நூலைச் சுற்றினார்.

தோட்டம் கேட்பாரில்லாமல் நின்றது. முதல் மாதம் யாரும் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. இரண்டாம் மாதம் ஆடுகள் நுழைந்தன. ஒருநாள் காலையில் பொன்னுத்தாய் ஒரு கட்டு இலையைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பிலிருந்து ஏறினாள். எதிரே அமிர்தம்.

"பேரனுக்குக் காது குத்துடி. மகன் இருவது எல வேணும்னான். அதான்..." என்றாள் பொன்னுத்தாய். "உங்கிட்டேருந்து எடுப்பேனா? இது சர்க்கார் எலதானே."

அமிர்தம் வழிவிட்டு நின்றாள்.

தார்கள் முற்றிப் பழுத்து மரத்திலேயே வெடித்தன. அணில் கொறித்தது போக, போகிற வருகிறவர்கள் பிய்த்துத் தின்றார்கள். டீக்கடையில் நல்லுசாமி ஒரு சீப்பைக் கட்டித் தொங்கவிட்டு, "சர்க்கார் பழம், இனாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் இருந்ததென்று சொல்லமுடியாது. வீரமலையும் அங்கே உட்கார்ந்துதான் டீ குடித்தார். ஆனால் பழத்தைத் தொடவில்லை.

ஆனியில் காத்தான் மறுபடி தமுக்கோடு வந்தார். சர்க்கார் நிலம் விற்பனைக்கு, ஆடி ஐந்தாம் தேதி, சாவடியில். எல்லாத் தெருவிலும் ஒரே மாதிரி அடித்தார். வீரமலை வீட்டு வாசலிலும் அப்படியேதான் அடித்தார். நம்பர் மறக்கவில்லை.

அமிர்தம் மறுபடி தோட்டத்துக்குப் போய் மண் எடுத்தாள். வெயிலில் வெடித்துக் கிடந்த மண். தண்ணீர் விட்டுப் பிசைந்துதான் பிடிக்கமுடிந்தது. அழகிரி வீட்டு வாசலில் ஒன்றை வைத்தாள். சந்திரம்மாள் நிலைப்படியிலேயே நின்றாள்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. இப்ப இது உங்க நெலம் இல்லையே. சர்க்கார் மண்ண நான் எப்படிக்கா உள்ள எடுத்து வைக்கிறது?"

"உள்ள பழசு ஒண்ணு இருக்குல்ல? நீ பொட்டு வச்சது?"

"இருக்குக்கா."

"அது யாரு மண்ணு?"

சந்திரம்மாள் தலைகுனிந்துகொண்டாள். உள்ளே அழகிரி இருமுவது கேட்டது. வெளியே வரவில்லை. அமிர்தம் இன்னும் மூன்று வீட்டுக்குப் போனாள். மூன்றாவது வீட்டில் கதவு சாத்தியிருந்தது. அடுப்புப் புகை வந்துகொண்டிருந்தது. மீதி உருண்டைகளை முறத்தோடு வாய்க்காலில் கவிழ்த்துவிட்டுத் திரும்பினாள்.

ஆடி ஐந்து காலையில் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வாசற்படிக்குக் கீழே மண் உருண்டைகள். மாசியில் அவள் வைத்தவை. காய்ந்து கல்லாகி, சில அடுப்புப் புகை படிந்து கறுத்திருந்தன. ஒருவரும் தூக்கிப் போட்டிருக்கவில்லை. ஒவ்வொன்றையும் பார்த்து, பக்குவமாக, வரிசையாக வைத்திருந்தார்கள். பதினேழில் பதினொன்று. ஒன்றில் குங்குமப் பொட்டு வெளுத்திருந்தது.

"ஏங்க" என்று கூப்பிட்டாள். வீரமலை வந்து பார்த்தார்.

"சரி. சொல்லாம கேக்கலையே. திருப்பிக் கொடுத்துட்டுத்தானே கேக்குறாங்க" என்றார்.

ஏலத்துக்கு அமிர்தம் போகவில்லை. வீரமலை போய் வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றார். ஆயிரத்தில் ஆரம்பித்தது. ஊர்க்காரர்களோடு ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த இரண்டு பேரும் கேட்டார்கள். பொன்னுத்தாயின் மகன் இரண்டாயிரத்து எண்ணூறில் நின்றுவிட்டான். தூரெடுத்த கிணறு, மேற்கால் ஊற்று என்று யாரோ சொல்லச் சொல்ல விலை ஏறியது. கடைசியில் மூவாயிரத்து எண்ணூறுக்கு அழகிரி பேரில் முடிந்தது.

கூட்டம் கலையும்போது வீரமலை டெபுடி தாசில்தாரின் மேஜைக்கு முன்னால் போய் நின்றார்.

"சாமி, மிச்சம்?"

"என்ன மிச்சம்?"

"பாக்கி போக மிச்சம். நெலத்துக்காரனுக்குக் கொடுப்பாங்கன்னு பாய் சொன்னாரு."

"உன் நெலமா இருந்து ஏலம் போயிருந்தா கொடுப்போம். இது சர்க்கார் நெலம்யா. சர்க்கார் தன் நெலத்த வித்திருக்கு." அவர் கோபமாகச் சொல்லவில்லை. தாளில் மைஒற்றியை அழுத்திக்கொண்டே சொன்னார்.

நாலாம் நாள் வீரமலை மூட்டை தூக்கும் வேலை கேட்டு நஜிமுதீன் பாய் மண்டிக்குப் போனார். "உன்னப் போயி மூட்டை தூக்கச் சொல்வேனா?" என்று பாய் பதறிப்போனார். டிராயரைத் திறந்து பேப்பர் பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"ரெண்டாவது ஏலம்னு எனக்குச் சேதி வந்தது வீரமலை. பணம்கூட எடுத்து வச்சேன். ஆனா அம்மா வந்து இத எடுத்துக்கிட்டுப் போவலையே. கொடுத்த வாக்கு நிக்குதுன்னுல்ல இருந்துட்டேன்."

வீரமலை பொட்டலத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வீட்டில் இதைப் பற்றிச் சொல்லவில்லை. வரும் வழியில் பாலத்தின் மேல் பஸ் நின்றபோது ஜன்னல் வழியாகக் காவிரியில் போட்டுவிட்டார்.

ஆடிப்பெருக்கு முடிந்த மறுநாள் அழகிரி வந்தான். உள்ளே வராமல் வாசலில் நின்று துண்டைத் தோளில் மாற்றி மாற்றிப் போட்டான்.

"அண்ணே, ஸ்ரீரங்கத்துக்காரன் எடுத்திருந்தா உள்ளயே விட்டிருக்கமாட்டான். நம்ம பங்காளி கையிலயாவது இருக்கட்டும்னுதான்..."

"அதெல்லாம் எதுக்குடா இப்ப? வந்த வெசயத்தச் சொல்லு."

"புதுசா கன்னு வைக்கணும். அந்தக் காட்டுக்குத் தண்ணி ஓட்டம் உங்களத் தவிர ஒருத்தருக்கும் புரியல. ரெண்டு ஆள வச்சு வாய்க்கா வெட்டினேன். தண்ணி ஏறமாட்டேங்குது. நீங்க வந்து எடுத்துவிட்டா... சும்மா இல்ல அண்ணே. கூலி எல்லாருக்கும் ரெண்டு ரூபா, உங்களுக்கு ரெண்டரை."

உள்ளே அமிர்தம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது. வீரமலை அவளைப் பார்க்காமல் மூலையில் இருந்த மம்பட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார். வீட்டில் அன்றைக்கு இருந்த அரிசி அவள் கையிலிருந்த அந்த அரைப்படிதான்.

பொழுது சாய்கிற நேரத்தில் வீரமலை திரும்பி வந்தார். முழங்கால்வரை வண்டல். வாய்க்கால் எடுத்துவிட்டிருந்தார். தண்ணீர் ஏறிவிட்டது. இரண்டரை ரூபாயைத் துண்டு நுனியில் முடிந்திருந்தார். எப்போதும்போல மம்பட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு காலை உள்ளே தூக்கி வைக்கப்போனார்.

அமிர்தம் சொம்பும் கையுமாக நிலைப்படியில் நின்றிருந்தாள்.

"அங்கேயே நில்லுங்க."

அவர் நின்றார்.

"கால நீட்டுங்க."

அவள் குனிந்து தண்ணீரை ஊற்றினாள். ஒரு சொம்பு போதவில்லை. இன்னொரு சொம்பு கொண்டுவந்தாள். விரலிடுக்கெல்லாம் தானே தேய்த்துக் கழுவினாள். மண் கரைந்து படிவழியே இறங்கித் தெருவுக்கு ஓடியது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஊரான் மண்ணு" என்றாள். "உள்ள ஒரு துளி வரக்கூடாது."